சூலியா தெருவும் மரண சாசனமும்

(திருவிழாவையொட்டித் திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பினாங்கில் பீச் தெருவில் தொடங்கிப் பினாங்கு சாலை வரை நீண்டு கிடப்பது சூலியா தெரு. கிங் தெரு சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. சற்றுத் தள்ளிக் குவீன் தெருவில் திரும்பினால் அருள்மிகு மகா மாரியம்மன் திருக்கோயிலின் கோபுரம் தெரியும். மேற்கே நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இடையே, கடைவீடுகளின் வரிசையில், நூர்தீன் குடும்பத்தாரின் கல்லறை மாடம். அஞ்சடியில் நடந்து செல்வோர் இவற்றைக் கட்டடங்கள் என்று மட்டுமே பார்ப்பர். ஆனால் இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பெற்ற நில ஆவணத்தின்மீதோ, எழுதிவைத்த சாசனத்தின்மீதோ நிற்பவையாகும். ஒருவர் கண்மூடிய பின் அவர் தேடிய பொருள் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு இத்தெரு இருநூறு ஆண்டுகளாக விடை சொல்லி வந்துள்ளது. சில விடைகள் இனியவை. சில, வழக்காடு மன்றத்தின் படிகளை மூன்று தலைமுறைக்கு ஏறி இறங்க வைத்தவை.

1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றியபோது இங்கே சட்டம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒரு கப்பித்தான் இருந்தார். சிறு பூசல்களை அவரே தீர்த்து வைத்தார். 1807 மார்ச் 25-ஆம் நாள் வழங்கப்பெற்ற நீதிச் சாசனத்தின் வழியாகத்தான் முறையான நீதிமன்றம் வந்தது. அடுத்த ஆண்டு சர் எட்மண்ட் ஸ்டான்லி முதல் ரிக்கார்டராக அமர்ந்தார். அன்றுமுதல் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகருக்கும் சீனருக்கும் ஆங்கிலேயருக்கும் ஒரே மன்றம். எந்தச் சட்டம் என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

1835-இல் அப்துல்லா என்பாரின் சொத்து குறித்த வழக்கில், சர் பெஞ்சமின் மல்கின் ஒரு தீர்ப்பளித்தார். இசுலாமியர் ஒருவர் தம் சொத்து முழுவதையும் உயிலின் வழியே விரும்பியவாறு வழங்கலாம் என்பது அத்தீர்ப்பு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதலாகாது என்ற மார்க்க நெறிக்கு அது மாறானது. 1871-இல் மீண்டும் அதே கேள்வி, இம்முறை சூலியா தெருவின் பெருவணிகர் முகம்மது நூர்தீன் அவர்களின் உயிலை ஒட்டி எழுந்தது. பாத்திமா எதிர் லோகன் என்று சட்ட ஏடுகளில் வழங்கும் அவ்வழக்கில் நீதிபதி ஹாக்கெட், பினாங்கின் சட்டம் இங்கிலாந்தின் சட்டமே, உயிலின் செல்லுபடியையும் அச்சட்டமே முடிவு செய்யும் என்று உரைத்தார். இன்று நிலைமை வேறு. மலேசியாவின் 1959-ஆம் ஆண்டு உயில் சட்டம் இசுலாமியருக்குப் பொருந்தாது; அவர்கள் தத்தம் மார்க்கச் சட்டத்தின்படியே நடப்பர். எனினும் அந்த நூர்தீன் குடும்பத்தின் கல்லறை மாடத்தைக் கடந்து செல்லும்போது, கீழை நாடுகளின் சட்ட மாணவர் இன்றும் படிக்கும் ஒரு வழக்கு இத்தெருவைச் சேர்ந்ததென்று நினைவு கூர்தல் தகும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1875-இல், இன்னொரு பினாங்கு உயில் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. இயாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ என்பது அவ்வழக்கு. சீன மூதாட்டி ஒருவர் இரண்டு ஏற்பாடுகளைச் செய்திருந்தார். ஒரு தோட்டத்தைக் குடும்ப இடுகாடாக வைத்திருக்க வேண்டும், அதை ஒருநாளும் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்பது ஒன்று. ஒரு வீட்டில் தமக்கும் மறைந்த தம் கணவருக்கும் நினைவுச் சடங்குகள் என்றென்றும் நடைபெற வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. காரணம் என்னவெனில், ஒருவர் தம் சொத்தை முடிவில்லாக் காலத்துக்குக் கட்டிப் போடுவதைச் சட்டம் ஏற்பதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் ஆயுள், அதன்மேல் 21 ஆண்டு என்பதே அக்காலச் சட்டம் வகுத்த எல்லை. அறக்கொடைக்கு மட்டும் அந்த எல்லை இல்லை. ஆனால் அறம் என்றால் அதன் பயன் பொதுமக்களைச் சேர வேண்டும். ஒரு குடும்பத்தின் முன்னோருக்கு மட்டும் நடக்கும் சடங்கு அதில் அடங்காது.

சபையோர் இத்தீர்ப்பைத் தங்களுக்குத் தொடர்பில்லாத பழங்கதையென்று கருதலாகாது. "இந்தக் கடைவீட்டை யாரும் விற்கக் கூடாது, வாடகையில் ஆண்டுதோறும் என் திதியன்று பூசை செய்து அன்னமிட வேண்டும்" என்று எழுதிவைக்கும் விருப்பம் தமிழ்க் குடும்பங்களில் மிகப் பழையது. எழுதியவரின் உள்ளம் தூயது. ஆயினும் அவ்வாசகம் 1875-இன் தீர்ப்போடு மோதும். அதே பணத்தைப் பொதுமக்கள் வழிபடும் ஒரு திருக்கோயிலுக்கோ, கல்வி நிதிக்கோ, முதியோர் இல்லத்துக்கோ உரிய முறையில் எழுதிவைத்தால் அது நிலைத்து நிற்கும். வேறுபாடு சில சொற்களில்தான் இருக்கிறது. அச்சில சொற்களுக்காகத்தான் வழக்கறிஞர் தேவைப்படுகிறார்.

அறக்கொடை நிலைத்து நின்றாலும் அதைக் காப்பவர் நிலைத்து நிற்பதில்லை என்பது அடுத்த சங்கடம். 1801-இல் கும்பினியார் காதிர் மொஹிதீன் என்ற கப்பித்தானின் காலத்தில் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கினர். அதே ஆண்டில் பெட்டி லிங்கம் செட்டி என்று ஆங்கில ஏடுகள் குறிக்கும் தென்னிந்தியர் தலைவருக்குக் குவீன் தெருவில் கோயில் கட்ட நிலம் வழங்கப்பெற்றது. 1833-இல் அங்கே மாரியம்மன் கோயில் எழுந்தது. இவ்வாறு வளர்ந்த அறநிலையங்களில் சில, காலப்போக்கில், அவற்றைக் காத்தவர்களின் குடும்பச் சொத்துப்போல ஆகிவிட்டன என்ற முறையீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருகின. அதன் விளைவே 1905-ஆம் ஆண்டின் இசுலாமிய, இந்து அறநிலையச் சட்டம். அதன்கீழ் 1906-இல் அறநிலைய வாரியம் அமைந்தது. முதலில் இரு சமயத்தாருக்கும் ஒரே வாரியம். பின்னர்தான் இந்து அறநிலைய வாரியம் தனித்து இயங்கலாயிற்று. சட்டம் போட்ட அரசு அந்நிய அரசு என்பது உண்மை. அதற்குத் தேவையை உண்டாக்கியவர் உள்ளூர் மக்களே என்பதும் உண்மை.

பினாங்கில் வழக்கறிஞர் என்றால் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் அவர்களின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த அவர் ஆய்வேடு நடத்தினார், பத்திரிகை நடத்தினார், ஐரோப்பியர் அல்லாதார்க்காக வழக்காடினார். 1869-இல் அவர் மறைந்தபோது பல இனத்து மக்களும் வருந்தினர். நீதிமன்றத்தருகே அவருக்கு நினைவுச் சின்னம் எழுந்தது. அவருக்குப் பின் வந்த வழக்கறிஞர் அலுவலகங்களின் கதையை யாரும் விரிவாக எழுதவில்லை என்பது ஒரு குறைதான். அவற்றின் முன்கூடத்தில் தமிழ் பேசும் கிராணி ஒருவர் அமர்ந்திருப்பார். கோயில் நிலத்தின் கிராண்டு, குடிக்கூலிச் சண்டை, தம்பதியர் பூசல், கப்பலில் ஊருக்குப் போகுமுன் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம் ஆகிய அனைத்தும் அவர் மேசையைக் கடந்துதான் உள்ளே செல்லும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்குமுன், ஆங்கிலத்தில் எழுதிய உயிலைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டார் என்று சான்று எழுதுவதும் அவருடைய பணியே. அந்தச் சான்று வாசகம் இல்லாத உயிலை நீதிமன்றம் ஐயத்தோடு நோக்கும். சிறிய ஊரின் வழக்கறிஞர், குடும்பங்களின் இரகசியங்களைப் பூசாரிக்கும் மருத்துவருக்கும் இணையாக அறிந்தவர். மகளின் திருமணத்துக்கும் அவர் வருவார், தந்தையின் கருமாதிக்கும் வருவார்.

உயில் எழுதாமல் ஒருவர் மறைந்தால் என்ன நேரும்? "மூத்த மகன் பார்த்துக்கொள்வான்" என்பதே பெரும்பாலோர் விடை. மூத்த மகனுக்குச் சட்டம் ஒரு சலுகையும் வழங்கவில்லை. 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம், மகன், மகள் என்ற வேறுபாடு பாராமல் மக்கள் அனைவருக்கும் சம பங்கு தருகிறது. மகளுக்குத் திருமணத்தில் போட்ட நகையை அது கணக்கில் கொள்வதில்லை. 1997-இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. அதற்குமுன் மனைவி உயிலின்றி இறந்தால் சொத்து முழுவதும் கணவருக்கே சென்றது. கணவர் இறந்தால் மனைவிக்கு ஒரு பகுதிதான். இப்போது இருவருக்கும் ஒரே விதி. பெற்றோருக்கும் பங்குண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. கணவர் மறைகிறார், மனைவி, இரண்டு மக்கள், பட்டர்வொர்த்தில் வயது முதிர்ந்த தாய் ஆகியோர் எஞ்சியிருக்கின்றனர். இருப்பது 400,000 ரிங்கிட் மதிப்புள்ள ஒரு வீடு மட்டும். மனைவிக்கு நான்கில் ஒன்று, தாய்க்கு நான்கில் ஒன்று, மக்கள் இருவருக்கும் சேர்த்துப் பாதி. கணக்கு எளிது, வீட்டைத்தான் அறுத்துக் கொடுக்க முடியாது. இரண்டு ஆண்டு கழித்து அந்தத் தாயும் உயிலின்றி மறைகிறார். அவருடைய கால்பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், முன்னரே இறந்த மகனின் மக்களுக்கும் பிரியும். இப்போது அந்தக் கைம்பெண் குடியிருக்கும் வீட்டில் கொழுந்தனும் நாத்தனாரும் பங்குதாரர்கள். யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் ஒருவருக்குப் பணமுடை வந்து வீட்டை விற்க வேண்டும் என்று கேட்டால், மறுப்பதற்கு அந்த அம்மையாருக்கு உறுதியான வழியில்லை. ஒருபக்கத் தாளில் எழுதிய உயில் ஒன்று இருந்திருந்தால் இந்த நிலை வந்திராது.

சூலியா தெருப் பகுதியின் பல கடைவீடுகளில் நடந்தது இதுவே, தலைமுறை தலைமுறையாக. பாட்டனார் பெயரில் உள்ள வீடு. இருபது, முப்பது வாரிசுகள். அவர்களில் சிலர் சென்னையில், சிலர் இலண்டனில், சிலரைப் பற்றித் தகவலே இல்லை. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்தவரை, 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகை மிகக் குறைவாக இருந்தது. சொற்பத் தொகைக்காக யாரும் பங்கு கேட்டு வரவில்லை. கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்க யாரும் முன்வரவில்லை. அச்சட்டம் நீக்கப்பெற்று 2000 ஜனவரி முதல் நாளோடு கட்டுப்பாடு அகன்றது. 2008 ஜூலை 7-ஆம் நாள் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. வீட்டின் விலை ஏறியது. மறந்திருந்த வாரிசுகளுக்கு நினைவு வந்தது. இறந்தவர் பெயரிலேயே கிராண்டு இருக்கும் வீட்டை விற்கவும் முடியாது, அடமானம் வைத்துப் பழுதுபார்க்கவும் முடியாது என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தனர்.

உயில் இல்லாத சொத்துக்கு நிர்வாக உரிமை பெறுவதிலும் ஒரு தொல்லை உண்டு. உயர்நீதிமன்றத்தின் வழியே செல்வோர், நீதிமன்றம் விலக்களித்தாலன்றி, சொத்தின் மதிப்புக்கு ஈடாக இரண்டு ஜாமீன்தாரர்களைக் காட்ட வேண்டும். அவ்வளவு வசதியுள்ள உறவினர் எத்தனை பேருக்கு இருக்கின்றனர்? உயிலில் பெயர் குறிக்கப்பெற்ற நிறைவேற்றுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. சிறிய சொத்துகளுக்கு மாவட்ட நில அலுவலகத்தின் வழி உண்டு, செலவும் குறைவு. 2009 வரை 600,000 ரிங்கிட்டாக இருந்த அதன் வரம்பு 20 இலட்சமாகி, 2024 ஜூலை 15 முதல் 50 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. ஆகவே நில புலம் உள்ள நடுத்தரக் குடும்பங்களில் பெரும்பாலானவை அவ்வலுவலகத்துக்கே செல்லலாம். மரண வரி இருக்கிறதே என்று அஞ்சி இன்னும் சில பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றி விடுகின்றனர். அந்த வரி 1991 நவம்பர் முதல் நாளன்றே ஒழிக்கப்பட்டுவிட்டது. வீட்டை மாற்றிக் கொடுத்தபின் திண்ணையில் ஒதுக்கப்பட்ட பெற்றோரின் கதைகளைச் சபையோர் அறிவர்.

திருக்கோயில் மண்டபத்தில் பேசத்தக்க செய்தி ஒன்று இனி. 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதற்குமுன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. அதற்குப்பின் நடந்தவை பதிவு செய்யப்பட வேண்டும். இங்கேதான் நம்பிக்கையும் ஏடும் முரண்படுகின்றன. அக்கினி வலம் வந்து, தாலி கட்டி, ஊரார் வாழ்த்திய திருமணம் முழுமையானது என்று குடும்பங்கள் எண்ணுகின்றன. பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. கணவர் மறைந்தபின் அந்தப் பெண் மனைவி என்ற முறையில் பங்கு கேட்கும்போது சான்றிதழ் கேட்கப்படுகிறது. பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் திருமணம் செல்லாததாகிவிடாது என்று கூறிய தீர்ப்புகள் உண்டு. ஏற்க மறுத்த தீர்ப்புகளும் உண்டு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும், துக்கம் ஆறுமுன்பே அந்தப் பெண் தான் மனைவி என்பதை மன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. பதிவுச் சான்று காட்டாமல் முகூர்த்தத்துக்கு மண்டபம் தரும் கோயில் குழுக்கள் இதனைக் கருத வேண்டும்.

வளர்ப்புப் பிள்ளைகள் நிலையும் அத்தகையதே. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்றுத் தத்தெடுத்த பிள்ளைக்குப் பங்கீட்டுச் சட்டத்தில் பங்குண்டு. உறவினரிடமிருந்து கைமாறிப் பெற்று, பெயரிட்டு, பள்ளிக்கு அனுப்பி வளர்த்த பிள்ளைக்கு, உயில் இல்லையெனில், ஒரு காசும் உரிமையில்லை. இறுதிக் கொள்ளி வைத்தவர் அவராகவே இருந்தாலும் சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

உயில் எழுதுவது கடினமான செயலன்று. பதினெட்டு வயது நிறைந்து, தெளிந்த மனமுடையவராய் இருத்தல் வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரேசமயம் முன்னிலையில் இருக்க, எழுதியவர் கையொப்பமிட வேண்டும். பின்னர்ச் சாட்சிகள் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். அந்தச் சாட்சிகளோ அவர்தம் கணவன் மனைவியோ உயிலில் பங்கு பெறுபவராய் இருத்தல் கூடாது. இருந்தால் உயில் நிற்கும், அவர்கள் பங்கு போய்விடும். மருத்துவமனைக் கட்டிலருகே அவசரமாக எழுதும்போது, பக்கத்தில் இருக்கும் மருமகனையே சாட்சியாக்கி, மகளின் பங்கைப் போக்கியடித்தல் இப்படித்தான் நிகழ்கிறது. திருமணம் செய்தால் முன்பு எழுதிய உயில் இரத்தாகும் என்பதையும், மறுமணம் செய்வோர் குறிப்பாக, அறிந்திருத்தல் நலம். மனைவியையோ, மணமாகாத மகளையோ, வயது வராத மகனையோ ஒன்றுமின்றி விட்டுவிட்டால், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் ஆறு மாதங்களுக்குள் நீதிமன்றத்தை நாடி வாழ்க்கைப்படி கேட்கலாம்.

ஊழியர் சேமநிதிப் பணம் உயிலுக்குக் கட்டுப்படாது. அங்கே யார் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறதோ, இசுலாமியர் அல்லாத உறுப்பினரைப் பொறுத்தவரை, அவருக்கே அது சேரும். இருபது வயதில் முதல் வேலையில் சேர்ந்தபோது அண்ணன் பெயரை எழுதியவர், ஐம்பது வயதில் மனைவிக்கும் மக்களுக்கும் உயில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார். அந்தப் பழைய பாரத்தை அவர் மாற்றியிருக்கவே மாட்டார். காப்புறுதிக்கும் பெயர் நியமனம் தனியே உண்டு.

கோயிலுக்கு எழுதிவைக்க விரும்புவோர், "மாரியம்மனுக்கு என் வீடு" என்று மட்டும் எழுதினால் போதாது. இந்தியாவில் தெய்வத்தையே சட்டப்படி ஓர் ஆளாகக் கொள்ளும் மரபு உண்டு; 1925-இல் பிரிவி கவுன்சில் பிரமதநாத மல்லிக் வழக்கில் அதனை விரித்துரைத்தது. இங்கே அந்த மரபை நம்பி எழுதுதல் துணிச்சலாகும். அறநிலைய வாரியம், பதிவு பெற்ற சங்கம், அறங்காவலர் ஆகியோரில் யார் பெயரில் கிராண்டு மாற வேண்டும், வாடகை எந்தக் கைங்கரியத்துக்கு, அது இயலாதபோது எதற்கு என்பவற்றையும் எழுத வேண்டும். அறங்காவலர் பெயரில் இருக்கும் நிலங்களுக்கு இன்னொரு தொல்லை நேர்ந்துள்ளது. மூவர் பெயரில் பதிந்த நிலம். மூவரும் காலமாகிப் பல்லாண்டு. மாற்று அறங்காவலர் நியமிக்கப்படவில்லை. கோயில் நிலம் இறந்தவர் பெயரில் நிற்கிறது; பேரப்பிள்ளைகளில் ஒருவர் அது தம் பாட்டனாருடையது என்று சொல்லத் தொடங்குகிறார். 1905-ஆம் ஆண்டில் கேட்ட முறையீடு மீண்டும் கேட்கிறது. நிர்வாகக் குழுவினர் இத்திருவிழா முடிந்த கையோடு தங்கள் கோயிலின் கிராண்டை எடுத்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது, அவர்களில் யார் உயிரோடு இருக்கின்றனர் என்று பார்த்தல் நன்று.

இறுதியாக, எழுதிய உயிலை எங்கே வைப்பது என்பது. நீதிமன்றம் மூலப் பிரதியைக் கேட்கும். எழுதியவர் கையிலிருந்த மூலம் அவர் இறந்தபின் கிடைக்கவில்லையெனில், அவரே அதனைக் கிழித்துப் போட்டார் என்று கருத இடமுண்டு. வழக்கறிஞரிடமோ அமானா ராயா போன்ற நிறுவனத்திடமோ கொடுத்து வைக்கலாம். நிறைவேற்றுபவருக்கும் இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும். சாமி அறையில் படத்தின் பின்னே வைப்போர் உண்டு. கறையான் அரிக்காத வரையில் அதுவும் குற்றமில்லை. வங்கிப் பெட்டகத்தில் மட்டும் பூட்டி வைத்தல் ஆகாது. உரியவர் மறைந்தால் வங்கி பெட்டகத்தைத் திறக்க அனுமதிக்குமுன் நீதிமன்ற ஆணையைக் கேட்கும். நீதிமன்றம் ஆணை தருமுன் பெட்டகத்துக்குள் இருக்கும் உயிலைக் கேட்கும்.